கண்ணாடி அலுமாரிக் காலம்: பதுளைக் கடைகளின் உட்புறம் பற்றிச் சில குறிப்புகள்

பதுளையைப் பற்றி எழுதுகிறவர்கள் முத்தியங்கனை விகாரையையும் துன்ஹிந்தை அருவியையும் புனித மாற்கு தேவாலயத்தையும் விடுவதில்லை. எட்டுப்பட்டை வடிவில் நிற்கும் பழைய வெலேகடைச் சந்தைக் கட்டடத்தையும் தொல்பொருள் சின்னமாகப் பேணுகிறார்கள். நல்லதுதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் விகாரையிலும் அருவியிலும் கழித்த நேரத்தைவிடப் பஸார் வீதிக் கடைகளுக்குள் கழித்த நேரமே அதிகம். புதுச் சப்பாத்து, வெள்ளைச் சீருடைத் துணி, கொப்பிகள், தீபாவளிப் பாவாடை எல்லாம் அங்கேதான் வாங்கினோம். அந்தக் கடைகளின் தரை, கூரை, அலுமாரி, விளக்கு பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு பக்கம்கூட இல்லை. ‘கடைதானே’ என்று விட்டுவிட்டார்கள். நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அந்த ஒரு பக்கத்தையாவது எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ரயில் பதுளைக்கு வந்தது 1924ஆம் ஆண்டில். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலமும் மலையைச் சுற்றித் தன்னையே கடக்கும் அந்தத் தண்டவாள வளையமும் இந்தப் பாதைக்காகக் கட்டப்பட்டவை. இன்று வெளிநாட்டுக்காரர்கள் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்று அந்தப் பாதை கீழே கொண்டு போனது தேயிலை. மேலே கொண்டு வந்தது அரிசி, கருவாடு, துணி, சீமெந்து, கண்ணாடி. மூட்டை வண்டிகளில் வந்திருந்தால் பாதி நொறுங்கியிருக்கும் பெரிய கண்ணாடித் தகடுகள் ரயில் வந்த பிறகுதான் தாராளமாக மலைக்கு ஏறின. எங்கள் தலைமுறை பார்த்த கடைகளின் அழகு பெரும்பாலும் கண்ணாடியில் இருந்த அழகு. யாழ்ப்பாணத்தார், தமிழகத்திலிருந்து வந்தோர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று யார் கடையாக இருந்தாலும் உள்ளே போனால் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நல்ல புடவைக் கடை எப்படி இருந்தது? வாசலில் கதவு கிடையாது, பலகைகள்தான். நிலையின் மேலும் கீழும் ஓடும் காடியில் ஒவ்வொன்றாகச் செருகி அடைப்பார்கள். ஒவ்வொரு பலகையின் உட்புறத்திலும் வெள்ளை வர்ணத்தில் இலக்கம் இருக்கும். காலையில் கடைப் பையன் அவற்றைக் கழற்றி உள்ளே வரிசையாகச் சாத்துவான். வரிசை தப்பினால் மாலையில் பலகை பொருந்தாது, முதலாளியிடம் ஏச்சு விழும். தரை சிவப்புச் சீமெந்து. காடினல் பொலிஷ் போட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, முகம் தெரியும்படி வைத்திருப்பார்கள். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் அதே ஜூலை, ஓகஸ்ட் மாதத்து வரட்சிக் காற்று தெருப் புழுதியை எல்லாம் கடைக்குள் கொண்டு வந்து கொட்டும். ஆகவே தேய்ப்பு வேலை ஓயாது.

சுவர் மூன்று பக்கமும் கூரை வரை கண்ணாடி அலுமாரிகள். மேல் தட்டுக்கு எட்ட ஏணி. நடுவில் நீண்ட மரக் கவுண்டர். அதன் விளிம்பில் ஒரு கெஜ அளவுக்குப் பித்தளை ஆணிகள் அடித்திருக்கும். துணியை இழுத்து ஆணிக்கு ஆணி அளந்து, கத்தரியால் ஒரு சிறு வெட்டு வைத்து, ‘சர்’ரென்று கிழிப்பார்கள். அந்தச் சத்தம் இல்லாத தீபாவளி இன்றைக்கும் எனக்குத் தீபாவளியாகத் தெரிவதில்லை. முதலாளியின் மேசை வாசலைப் பார்த்தபடி, சற்று உயர்ந்த மேடையில் இருக்கும். தலைக்கு மேலே லக்ஷ்மி அல்லது முருகன் படம். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் வழியில் அச்சான படங்கள் அவை. தாமரையும் யானையும் தங்க நாணயமும் சேர்ந்த அந்த வண்ணங்கள்தான் எங்களுக்கு முதல் ஓவியக் கண்காட்சி. முஸ்லிம் நானாவின் கடையில் அதே இடத்தில் மக்கா நகரின் படம் இருக்கும். இரண்டுக்கும் சட்டம் போட்டவர் அநேகமாக ஒரே கண்ணாடிக் கடைக்காரராகத்தான் இருந்திருப்பார்.

இந்த அலுமாரிகளைச் செய்தவர்கள் யார்? பெயர் பொறித்த கட்டடக் கலைஞர்கள் அல்லர், ‘பாஸ்’மார். பலா, தேக்கு, சில வேளை தோட்டத்து நிழல் மரமான கிரவிலியா. முதலாளி கொழும்பில் பார்த்துவிட்டு வந்த ஒரு கடையை வாயால் சொல்வார். பாஸ் அதைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து காட்டுவார். அவ்வளவுதான் திட்டப் படம். அதே ஊவாவில், பண்டாரவளையில், 1961ஆம் ஆண்டளவில் ஜெஃப்ரி பாவா நல்லாயன் கன்னியர் மடத்துக்கு ஒரு சிற்றாலயம் வடிவமைத்தார். உலகம் முழுவதும் கட்டடக் கலை மாணவர்கள் அதன் படங்களைப் பார்க்கிறார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை, அழகான இடம். ஆனால் அங்கே இருந்து சில மைல் தூரத்தில், கூரை வரை எழும்பிய ஒரு மருந்துக் கடை அலுமாரியை, ஒவ்வொரு இலாச்சிக்கும் வெள்ளைக் குமிழ் வைத்துச் செய்த பாஸின் பெயரை அவருடைய பேரப் பிள்ளைகளிடம் கேட்டால்தான் தெரியும்.

பலசரக்குக் கடை வேறு உலகம். அங்கே கண்ணாடி குறைவு, தகரம் அதிகம். மூடியில் கண்ணாடி பதித்த சதுர பிஸ்கட் டின்கள், சாய்வாக அடுக்கிய பருப்புச் சாக்குகள், கூரையிலிருந்து தொங்கும் நூல் பந்து, பழைய பத்திரிகையில் செய்த பேப்பர் சுருள்கள். சோப்புக் கம்பனிகள் கொடுத்த எனாமல் பலகைகள் துருப்பிடித்தாலும் நிறம் மங்காது. கவுண்டருக்குப் பின்னால், கைக்கு எட்டும் இடத்தில், கடையின் இதயம்: பற்றுக் கொப்பி. தோட்டத்துக் குடும்பங்களின் கணக்கு அதில் இருந்தது. சம்பளத்துக்கு வரவு, சம்பளத்துக்கு மறுநாள் மீண்டும் பற்று.

கவுண்டரின் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். கொழுந்து பறித்த என் தாயார் குள்ளமானவர். அந்தக் கவுண்டர் அவருடைய நெஞ்சு மட்டத்துக்கு இருக்கும். எதையும் தொட்டுப் பார்க்க முடியாது. கேட்க வேண்டும், அவர்கள் எடுத்துப் போட வேண்டும். தீபாவளி முற்பணம் கையில் கிடைத்ததும் தோட்டத்து லொறியில் ஊரே பதுளைக்கு இறங்கும். ஒரு புடவைக் கடையில் (பெயர் வேண்டாம்) எங்களைக் கண்டதும் கேட்காமலே கீழ்த் தட்டிலிருந்து சீத்தைத் துணியை எடுத்துப் போடுவார்கள். மேல் தட்டைக் காட்டச் சொன்னால், “அது விலை கூட, அம்மா” என்பார்கள். மரியாதைக் குறைவான பேச்சு ஒன்றும் இல்லை. தேத்தண்ணிகூட வரவழைத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஏணி எங்களுக்காக நகராது. பழைய கடைகளைப் பற்றிய ஏக்கம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஏணியும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. இன்று சுப்பர் மார்க்கெட்டில் தோட்டத்துப் பிள்ளை ஒன்று யாரையும் கேட்காமல் ஷாம்பு போத்தலை எடுத்து, விலை பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போவதைக் காணும்போது, அழகில்லாத அந்த இரும்புத் தட்டுகளின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

1970க்கும் 1977க்கும் இடையில் படித்தவர்களுக்கு வெற்று அலுமாரிகள் நினைவிருக்கும். இறக்குமதிக் கட்டுப்பாடு. துணிக்குச் சலுசல, அரிசிக்கும் சீனிக்கும் கூப்பன் புத்தகம், பாணுக்கு விடியற்காலை வரிசை. கடைக்காரர்கள் அலுமாரி காலியாகத் தெரியக் கூடாதென்று வெறும் பால்மா டின்களைத் துடைத்து அடுக்கி வைத்தார்கள். தோட்டங்களில் 1973, 74இல் பட்டினிச் சாவுகள் நடந்த காலம் அது; டின்னின் அழகைப் பேசுவது கூசுகிறது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பிறகு பல இடங்களில் கூட்டுறவுக் கடைதான் கதி. அதன் உட்புற அலங்காரம் என்று சொல்வதானால் கம்பி வலை அடித்த ஒரு ஜன்னல், ஒரு தராசு, ஒரு கரும்பலகை. ‘சாமான் இல்லை’ என்ற எழுத்து மட்டும் அழியாமல் இருக்கும்.

அந்த வரட்சியான ஆண்டுகளில் ஓயாமல் வியாபாரம் நடந்த இடங்கள் இரண்டு: தகரப் பெட்டி செய்யும் கடையும் போட்டோ ஸ்டூடியோவும். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 3,00,000 பேர் இங்கே பிரஜாவுரிமை பெற வேண்டும்; மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. கடவுச் சீட்டுக்குப் படம் வேண்டும். 1972 முதல் தேசிய அடையாள அட்டைக்கும் படம் வேண்டும். போகிறவர்களும் இருக்கிறவர்களும் ஒரே முக்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

ஸ்டூடியோவின் உட்புறத்தை நான் வேறு எந்தக் கடையைவிடவும் தெளிவாகச் சொல்வேன். முன் அறையில் சீப்பும் பவுடரும் வைத்த ஒரு நிலைக்கண்ணாடி. அதன் பக்கத்தில் இரவலாகப் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியும். கறுப்புத் திரையைத் தள்ளிக்கொண்டு போனால் உள் அறை. சுவர் முழுவதும் தொங்கும் வர்ணத் திரைச் சீலையில் ஒரு மாளிகைப் படிக்கட்டு, தூண்கள், தூரத்தில் ஏரி, இரண்டு அன்னம். பக்கத்தில் உண்மையான மர ஸ்டூல், அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் எட்டுப் பேராகப் படுத்தெழும்பிய குடும்பங்கள் அந்த மாளிகைப் படிக்கட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டன. கடவுச் சீட்டுப் படத்தோடு கூடவே குடும்பப் படம் ஒன்றும் எடுப்பார்கள். அண்ணன் குடும்பம் போகும், தம்பி குடும்பம் இருக்கும். இனி எல்லாரும் ஒன்றாக நிற்கப் போவதில்லை என்று தெரிந்தே எடுத்த படங்கள். தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்று போகும் வரை இது நடந்தது. நம் வகுப்புகளிலிருந்தும் பிள்ளைகள் அப்படிப் போனார்கள். வருகை இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.

1977ஆம் ஆண்டின் கடைசியில் இறக்குமதிக் கதவு திறந்தது. அதன் பிறகு வந்த ஐந்தாறு வருடம் பதுளைக் கடைகளின் மினுமினுப்புக் காலம். பலா மரக் கவுண்டரின் மேல் போமைக்காத் தகடு ஒட்டினார்கள். மர நிறத்துக்கு மேல் அச்சிட்ட மர நிறம்! குண்டு விளக்குப் போய் டியூப் லைட் வந்தது. சலூன்களில் எதிரெதிரே கண்ணாடி மாட்டி, ஒரு தலையை நூறு தலையாகக் காட்டினார்கள். கூல் ஸ்பொட்டுகளில் இளநீலச் சுவர், பிளாஸ்டிக் கதிரை, மீன் தொட்டி, பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒட்டுப் பலகை மறைப்பு. அந்த மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு ஐஸ்கிரீமை நான்கு பேர் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு, ரியூஷன் முடிந்து நேரே வீட்டுக்கு வந்ததாகச் சொன்னவர்கள் இந்த மலரைப் படிக்கும்போது சிரித்துக்கொள்ளலாம். ரெக்கோடிங் கடையில் சுவர் முழுவதும் கசட் உறைகள். நாம் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் பதிந்து தருவார்கள். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியதும் ரேடியோக் கடைகளின் முன் ஜன்னலில் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. பஸ்ஸைத் தவறவிட்டது எல்லாம் அதனால்தான். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். ஆனால் தவணைப் பணத்தில் தையல் மெஷின் தோட்டத்து லயத்துக்குள் நுழைந்ததை நான் பார்த்தது இந்த நாட்களில்தான். பாட்டா கடையோ ஊரில் ஒரு சொல்லையே விட்டுச் சென்றது: இன்னும் எந்தக் கம்பனி இறப்பர்ச் செருப்பானாலும் எங்களுக்கு அது ‘பாட்டா’தான்.

1983 ஜூலை 27, புதன்கிழமை. கொழும்பிலும் கண்டியிலும் எரிந்துகொண்டிருந்தபோது பதுளை அதுவரை அமைதியாக இருந்தது. அன்று காலை பத்தரை மணியளவில் மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன் தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்தார்கள். நண்பகலளவில் கும்பல் பஸார் பகுதிக்குள் இறங்கியது. கடைகள் எரிந்தன, பிறகு வீடுகள். அங்கிருந்து வான்களிலும் பஸ்களிலும் ஏறி ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று போனார்கள். இரவாவதற்குள் லுணுகலையும் எரிந்தது.

இதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். என் பொருள் கடையின் உட்புறம் என்பதால் அதோடு நின்றுகொள்கிறேன். காய்ந்த பலா மரமும் தேக்கும், பருத்தித் துணியும், கூரை வரை எழும்பிய அலுமாரியும் எப்படி எரியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி உருகிக் கட்டியாகிக் கிடந்தது. சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் வெடிப்போடு மிஞ்சியது. பற்றுக் கொப்பிகள் சாம்பலாகின. யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று எவருக்கும் எழுத்தில் ஆதாரம் இல்லை. அடுத்த சம்பளத்தில் எங்கள் தாயார் ஒரு கடைக்காரரைத் தேடி, அகதி முகாமுக்கே போய், தன் மனக் கணக்குப்படி ஒரு தொகையைக் கொடுத்தார். அவர் எண்ணிப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொண்டார். கொடுக்காதவர்களும் உண்டு. கொடுக்க முடியாதபடி தாங்களே அகதியானவர்களும் உண்டு. எரிகிற வீட்டிலிருந்து தமிழ்க் குடும்பங்களை இழுத்துத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்த சிங்கள, முஸ்லிம் அயலவர்களையும் நம்மில் பலர் அறிவோம்.

திரும்பக் கட்டியபோது எழுந்தவை வேறு கடைகள். இலக்கமிட்ட பலகைகள் போய், இழுத்தால் ஒரு நொடியில் விழும் இரும்பு ஷட்டர் வந்தது. ஷட்டரை நவீனம் என்றார்கள், அது பயமும்தான். மர அலுமாரிக்குப் பதில் கொங்கிறீட் தட்டு, அலுமினியச் சட்டம். சரக்கைக் குறைவாக வைத்தார்கள். விலை உயர்ந்ததைக் கொழும்பில் வைத்துவிட்டு, கேட்டால் தருவித்துத் தருவதாகச் சொன்னார்கள். பெயர்ப் பலகைகளில் தெய்வங்களின் பெயரும் ஊர்களின் பெயரும் குறைந்து, எவருக்கும் பொருந்தும் ஆங்கிலப் பெயர்கள் வந்தன. சாமிப் படம் முதலாளியின் தலைக்கு மேலிருந்து உள் அறைக்கு நகர்ந்தது. 1988, 89இல் கடையை மூடச் சொல்லித் துண்டுப் பிரசுரம் வரும், திறக்கச் சொல்லிப் படை வரும். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் சாமான் வாங்கினோம். ஆகையால் ‘எண்பதுகளின் கடை அழகு’ என்று பொதுவாகச் சொன்னால் நான் எந்த எண்பதுகள் என்று கேட்பேன். போமைக்காவும் மீன் தொட்டியுமான எண்பதுகள் பதுளையில் மூன்றரை வருடம்தான்.

அந்தக் கண்ணாடி அலுமாரி முற்றாக அழிந்துவிடவில்லை. அது லயத்துக்குள் குடியேறியது. முன்பெல்லாம் காம்பராவில் தளபாடம் என்றால் தேயிலைப் பெட்டிதான். ஓரத்தில் தகரம் அடித்த அந்த ஒட்டுப் பலகைப் பெட்டியைக் கவிழ்த்தால் மேசை, நிமிர்த்தினால் அலுமாரி. சுவருக்குப் பத்திரிகையும் சினிமாப் படமும் ஒட்டுவோம். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது இஸ்தோப்புச் சுவரில் தலைகீழாக ஒட்டியிருந்த வீரகேசரியில். பிறகு ஏற்றுமதிக்குக் கடதாசிச் சாக்கு வந்து மரப் பெட்டி அருகியது. அதே காலத்தில் தோட்டத்துப் பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் லயத்துக்குள் ‘ஷோ கேஸ்’ நுழைந்தது: கண்ணாடிக் கதவு, உள்ளே பாவனைக்கு எடுக்காத பீங்கான் கோப்பைகள், பொம்மை, பிளாஸ்டிக் ரோஜா, நடுவில் அந்த ஸ்டூடியோக் குடும்பப் படம். மின்சாரம் வந்த லயங்களில் அதற்குள் ஒரு சிறு நிற விளக்கும். படித்தவர்கள் ஷோ கேஸைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஏணி நகராத கடையில் நின்று அண்ணாந்து பார்த்த பெண் தன் வீட்டுக்குள் தானே ஒரு மேல் தட்டு வைத்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

லண்டனில் இருக்கும் தோழிகள் 2009 ஜனவரியோடு மூடிப் போன வூல்வர்த்ஸைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். டொரன்டோவில் இருப்பவர்கள் 1999இல் முடிந்த ஈட்டன்ஸைப் பற்றி. அந்தக் கடைகளின் தரை ஓடு முதல் மின் விளக்கு வரை படங்கள் உண்டு, கம்பனிக் கோப்புகள் உண்டு. நம் பஸார் வீதிக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஸ்டூடியோக்களின் பழைய நெகட்டிவ்கள் எரிந்தன, அல்லது ஈரத்தில் ஒட்டிப் போயின. இருப்பது உங்கள் வீட்டு ஆல்பங்கள்தான். திருமணப் புடவை எடுக்கப் போன அன்று கடைக்குள் எடுத்த படம், கடைத் திறப்பு விழாப் படம், முதலாளியின் மேசைக்கு முன் நின்ற தகப்பனார் என்று எதுவாயினும் முகங்களுக்குப் பின்னால் தெரிவதைச் சற்றுப் பாருங்கள். ஸ்டூடியோப் படமானால் பின்புறத்தில் முத்திரையும் திகதியும் இருக்கும். அதையும் பிரதி எடுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகமும் தீர வேண்டியிருக்கிறது. மாளிகைப் படிக்கட்டுத் திரைச் சீலை கறுப்பு வெள்ளைப் படங்களில் சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது. ஏரி பச்சை என்று என் தங்கை சொல்கிறாள்; நீலம் என்பது என் நினைவு. திருச்சியில் இருக்கும் வகுப்புத் தோழி ஒருத்தி, 1976இல் கப்பலேறுவதற்கு முந்திய வாரம் அதன் முன் நின்றவள், அது ஏரியே அல்ல, கடல் என்று எழுதியிருக்கிறாள். வேறு யாருக்காவது நினைவிருந்தால் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.